குரங்குக் கூட்டத்தைக் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரங்குகளைக் கவனிக்கப் புதிதாக வருபவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால், ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. தீனி போடக் கூடாது, கிட்டே போகக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வது நம் ஊர் நாட்டுக்குரங்கைப் பற்றி.

யார் யாருக்குப் பேன் பார்த்தது?

"இரண்டு பெண் குரங்குகள், பேன் பார்த்தல், பத்து நிமிடம்." இப்படி ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பேன் பார்த்தது எது, காட்டிக்கொண்டிருந்தது எது? அதை எழுதாவிட்டால் மாதக்கணக்கில் வெயிலில் நின்றதெல்லாம் வீண். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருப்பவை. அவற்றுக்குள் மேல், கீழ் என்று வரிசை உண்டு. கீழே இருப்பவை மேலே இருப்பவற்றுக்குப் பேன் பார்ப்பது சண்டையில் துணை கிடைக்கும் என்பதற்காக என்று 1977இல் குரங்கு ஆய்வாளர் ராபர்ட் சேஃபார்த் விளக்கினார். யார் யாருக்கு என்று தெரியாமல் இதைச் சரிபார்க்கவே முடியாது.

ஒருநாள் புளியமரத்தடியில் ஒரு பெண் குரங்கு இன்னொன்றின் முதுகு மயிரைப் பிரித்துப் பிரித்து, எதையோ பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும்விட உயர்ந்த மூன்றாவது ஒன்று நெருங்கியது. இரண்டில் தாழ்ந்தது எழுந்து போய்விட்டது. மற்றது அசையவே இல்லை. கூட இருந்த மாணவர் "பேன் பார்த்து முடிந்தது" என்று எழுதினார். மூன்றாவது குரங்கு அந்தக் குறிப்பில் இல்லவே இல்லை! குரங்கு ஆய்வாளர் அனிந்த்ய சின்ஹா நாட்டுக்குரங்குகளில் ஆராய்ந்தது இதைத்தான். வருவது தன்னைவிட உயர்ந்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் இருப்பதைவிடத் தான் தாழ்ந்தது என்றும் தெரிந்திருந்தால்தான் சரியான குரங்கு விலகும்.

சண்டையை மட்டும் எழுதுவது

சத்தம் கேட்கும் பக்கம்தான் கண் போகும். 1974இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் வலியுறுத்திய முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு குரங்கைத் தேர்ந்தெடுத்து, குறித்த நேரம்வரை அதை மட்டும் பாருங்கள். சும்மா ஒட்டி உட்கார்ந்திருப்பதையும் எழுதுங்கள்.

பல்லைக் காட்டினால் சிரிப்பு என்பது

பயம் அல்லது பணிவு.

ஆண்களை முரடர்கள் என்று ஒதுக்குவது

ஆண்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். அப்புறம் அங்கே சண்டை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நாட்டுக்குரங்கில் வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும், பேன் பார்க்கும், விளையாடவும் செய்யும். வட இந்தியாவில் காணப்படும் ரீசஸ் குரங்கு ஆண்களிடம் இவ்வளவு இணக்கத்தைப் பார்ப்பது அரிது.