அன்இன்ஸ்டால் செய்தும் போகாத மென்பொருளை முழுசாக நீக்குவது எப்படி?

விண்டோஸ் கணினியின் டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை அழித்தால் மென்பொருள் போகாது, அது வெறும் ஷார்ட்கட் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்த தவறைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போய், வேண்டாத மென்பொருளின் கோப்புறையை அப்படியே டெலீட் செய்துவிடுகிறார்கள். எதை எங்கே வைத்தோம் என்ற கணக்கு பெரும்பாலும் அந்தக் கோப்புறையில் இருக்கும் அன்இன்ஸ்டாலரிடம்தான் இருக்கும். அதையும் சேர்த்து அழித்தால் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் பகுதி), ஷெட்யூல்டு டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) பதிவுகள் எல்லாம் அநாதையாக நின்றுவிடும். பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். அன்இன்ஸ்டாலை அழுத்தினால் பிழைச் செய்தி வரும். ஏற்கெனவே அப்படி அழித்துவிட்டிருந்தால், அதே பதிப்பை அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டு முறைப்படி நீக்குங்கள். சுற்று வழி போலத் தெரிந்தாலும் வேலை சீக்கிரம் முடியும்.

தொடங்கும் முன், ஏதாவது கெட்டுப்போனால் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு ரீஸ்டோர் பாயின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் வரும். சில கணினிகளில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே இருக்கும். சி டிரைவுக்கு அதை ஆன் செய்த பிறகே கிரியேட் பட்டன் வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் லைசென்ஸையும் கவனியுங்கள். உதாரணமாக, டேலி கணக்கு மென்பொருளை வேறு கணினிக்கு மாற்றுவதாக இருந்தால், நீக்கும் முன்பே லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். டேட்டா கோப்புறையை பென் டிரைவிலும் எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது விண்டோஸ் பட்டனுடன் ஐ எழுத்தை அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, ஆப்ஸ் பகுதிக்குள் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலுக்குப் போங்கள். விண்டோஸ் 10-ல் இதன் பெயர் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். இலவச வீடியோ கன்வெர்ட்டர் ஒன்றை இறக்கிய அன்றே, கேட்காத ஒரு 'பிசி ஸ்பீடு' மென்பொருளும் ஒரு பிரவுசர் டூல்பாரும் உள்ளே வந்திருந்தால், மூன்றும் ஒரே தேதியில் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். மூன்றையும் ஒரே மூச்சில் நீக்குங்கள்.

நீக்கும் முன், கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் ஐகான் இருந்தால் ரைட் கிளிக் செய்து எக்ஸிட் கொடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரிலும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது. அன்இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளை நிதானமாகப் படியுங்கள். சிலவற்றில் பெரிதாகப் பளிச்சென்று இருக்கும் பட்டன் 'வைத்துக்கொள்' என்பதாக இருக்கும். நீக்கும் பட்டன் சாம்பல் நிறத்தில் ஓரமாகக் கிடக்கும். செட்டிங்ஸையும் அழிக்கவா என்று கேட்டால் டிக் செய்யுங்கள்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் போதாது. பயன்பாட்டில் இருந்த கோப்புகளை அடுத்த முறை கணினி முழுசாகத் தொடங்கும்போது அழிக்கும்படி அன்இன்ஸ்டாலர் குறித்து வைத்திருக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (கணினியைச் சீக்கிரம் தொடங்க வைக்கும் வசதி) ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது முழுத் தொடக்கம் ஆகாது.

அடுத்து மிச்சம் மீதி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் சொல்லிவிட்டு, இரண்டு புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைகள், புரோகிராம்டேட்டா, உங்கள் பயனர் கோப்புறைக்குள் உள்ள ஆப்டேட்டாவின் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் ஆகியவற்றில் அந்த மென்பொருளின் பெயரையும், அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் தேடுங்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கோப்புறையை அழிக்கும் முன், அதே நிறுவனத்தின் வேறு மென்பொருளை நீங்கள் பயன்படுத்துகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தானாக ஓடும் பகுதிகளைப் பிடிக்க, மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் போதும். ஸ்டார்ட்டப், சர்வீஸ், ஷெட்யூல்டு டாஸ்க் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். மஞ்சள் வரி என்றால் அந்தப் பதிவு சொல்லும் கோப்பு அங்கே இல்லை என்று பொருள். நீக்கிய மென்பொருளின் பெயர் மஞ்சளில் இருந்தால் அது மிச்சம்தான். உடனே டெலீட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் சில பழைய பதிவுகளால் கணினி மெதுவாகாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் பக்கமே போக வேண்டாம். அவற்றால் வரும் கெடுதல்தான் அதிகம். குறிப்பிட்ட ஒரு பதிவு தொந்தரவு செய்தால் மட்டும், ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அதை முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகல் எடுத்துவிட்டு அழியுங்கள்.

அன்இன்ஸ்டாலே ஓட மறுத்தால், மைக்ரோசாஃப்டின் 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால்' டிரபிள்ஷூட்டரை முயன்று பாருங்கள். ஆன்ட்டிவைரஸ் மென்பொருள்கள் தம்மை அழிக்கவிடாமல் காத்துக்கொள்ளும்; அவற்றுக்கு அந்தந்த நிறுவனமே தனி ரிமூவல் டூல் வைத்திருக்கும், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சிலவற்றை சேஃப் மோடில்தான் (அத்தியாவசியமான பகுதிகள் மட்டும் ஓடும் நிலை) நீக்க முடியும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாகப் போய் அங்கே ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெகவரி கீ கேட்கலாம், முன்பே எடுத்து வைத்திருங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் ஓடாது என்பதால், அதை நம்பியிருக்கும் மென்பொருள்களை அங்கே நீக்க முடியாது.

பட்டியலில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் ஐந்தாறு இருக்கும். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு மென்பொருள் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம், கை வைக்காதீர்கள். வெப்வியூ2, டிரைவர்களும் அப்படித்தான்.

கடைசியாக பிரவுசர். எக்ஸ்டென்ஷன்கள், தேடுபொறி, நோட்டிஃபிகேஷன் அனுமதி மூன்றையும் பாருங்கள். வீட்டுக் கணினியில் குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருந்து, எக்ஸ்டென்ஷனை நீக்கும் பட்டனும் இல்லையென்றால், அதை யாரோ பாலிசி வழியாகத் திணித்திருக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரியில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வழியில் உள்ள பதிவை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்கி, குரோமை மூடித் திறந்தால் அப்படித் திணித்த எக்ஸ்டென்ஷன் பெரும்பாலும் தானாகவே போய்விடும். அலுவலகக் கணினியில் அந்த வாசகம் இருப்பது இயல்பு, அங்கே தொடாதீர்கள்.