டி1 மினி மேல் ஷீல்டு அடுக்குவது எப்படி

ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள சின்ன போர்டான டி1 மினியில் எனக்கு ரொம்பப் பிடித்ததே, ஒயர் இழுக்காமல் ஷீல்டுகளை, அதாவது திரை, ரிலே, சென்சார் போன்றவை பொருத்திய துணை போர்டுகளை, ஒன்றின் மேல் ஒன்றாகச் சொருகிக்கொண்டே போகலாம் என்பதுதான். ஆனால் சொருக முடிகிறது என்பதாலேயே எல்லாம் சேர்ந்து வேலை செய்துவிடாது. எத்தனை ஷீல்டு அடுக்கினாலும் அடியில் இருப்பது அதே 16 பின்கள்தான். பவர், ரீசெட், சீரியல் எல்லாம் போக நமக்கு மிஞ்சுவது டி0 முதல் டி8 வரை 9 பின்னும், ஏ0 என்ற ஒரே ஒரு அனலாக் பின்னும்.

அதனால் வாங்கும் முன்பே ஒரு தாளை எடுத்து, எந்த ஷீல்டு எந்தப் பின்னைப் பிடிக்கிறது என்று எழுதிவிடுங்கள். ஓஎல்இடி திரை ஷீல்டு ஐ2சி (இரண்டே சிக்னல் லைனில் பல கருவிகள் பேசும் முறை) வழியாகப் பேசும், அதற்கு டி1 பின் எஸ்சிஎல் (க்ளாக்), டி2 பின் எஸ்டிஏ (தரவு). ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஷீல்டைப் பாருங்கள், அதுவும் டி1 பின்னிலேயே வந்து உட்காரும். இரண்டையும் அப்படியே அடுக்கினால் திரைக்குப் போகிற க்ளாக் சிக்னல் ரிலேவுக்கும் போகும், ரிலே கண்டபடி அடிக்கும், இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது. நிரலில் எவ்வளவு தேடினாலும் தவறு கிடைக்காது, ஏனென்றால் அது அங்கே இல்லை. புதிய ரிலே ஷீல்டில் பின்னை மாற்றிக்கொள்ள அடியில் சால்டர் பேட் இருக்கும், டி5க்கு மாற்றிவிடுங்கள். பழையது என்றால் ஷீல்டின் டி1 காலை மட்டும் வெட்டிவிட்டு, சின்ன ஒயர் வைத்து டி5இல் சால்டர் செய்தால் போதும்.

ஏன் டி5 என்றால், டி5, டி6, டி7 மூன்றும் எந்தத் தொந்தரவும் தராதவை. டி3, டி4, டி8 அப்படியில்லை. ஈஎஸ்பி8266 ஆன் ஆகும்போது டி3யும் டி4உம் ஹையாகவும் (வோல்டேஜ் இருக்கும் நிலை) டி8 லோவாகவும் (வோல்டேஜ் இல்லாத நிலை) இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஏதாவது ஷீல்டு அவற்றை மாற்றிப் பிடித்து இழுத்தால் போர்டு ஸ்டார்ட்டே ஆகாது.

ஐ2சி ஷீல்டுகளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம், முகவரி வேறாக இருந்தால் ஒரே இரண்டு பின்னில் பல கருவிகள் இருக்கலாம். திரைக்குப் பெரும்பாலும் 0எக்ஸ்3சி, எஸ்எச்டி30 என்ற வெப்பநிலை சென்சார் ஷீல்டுக்கு 0எக்ஸ்45, ஆக மோதல் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஐ2சி ஸ்கேனர் என்ற சின்ன நிரல் ஒன்றை ஏற்றி ஓட்டிப் பாருங்கள், யார் யார் இருக்கிறார்கள் என்று சீரியல் மானிட்டரில் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு மாட்யூலிலும் தனித்தனி புல்அப் ரெசிஸ்டர் (லைனை ஹையில் பிடித்து வைப்பது) இருக்கும். 4.7 கிலோ ஓம் ஐந்து இணையாகச் சேர்ந்தால் 1 கிலோ ஓமுக்கும் கீழே இறங்கிவிடும், லைனை லோவுக்கு இழுப்பதே சிரமமாகும். ஒன்றிரண்டு மாட்யூலில் விட்டுவிட்டு மற்றதில் அந்த ரெசிஸ்டர்களை எடுத்துவிடலாம்.

அப்புறம் பவர். வைஃபை அனுப்பும் நொடியில் ஈஎஸ்பி8266 மட்டுமே 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 5 வோல்ட் ரிலே காயில் இன்னொரு 70 எடுக்கும். ரிலே அடிக்கும் போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறதா? முதலில் யுஎஸ்பி கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள்.

வெப்பநிலை சென்சாரை அடுக்கில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கீழே இருக்கும் சிப்பின் சூடு மேலே ஏறி, அறையின் வெப்பத்தைவிட அதிகமாகவே காட்டும். நான்கு ஒயரில் தள்ளி வையுங்கள், அல்லது ஷீல்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சொருகும் பேஸ் போர்டு பயன்படுத்துங்கள்.

சொருகும்போது ஆர்எஸ்டி (ரீசெட்) மேல் ஆர்எஸ்டி, 5 வோல்ட் மேல் 5 வோல்ட் என்று எழுத்தைப் படித்துச் சொருகுங்கள். ஷீல்டு திரும்பியும் சரியாகவே உட்காரும், ஆனால் அப்போது ஆர்எஸ்டி இருக்க வேண்டிய இடத்தில் 5 வோல்ட் இருக்கும். ரிலேவில் வீட்டு மின்சாரம் இணைப்பதாக இருந்தால் அந்த ஷீல்டை அடுக்கிலிருந்து வெளியே எடுத்து, தனிப் பெட்டியில் வையுங்கள். அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் முனைகளுக்கும் கீழே உள்ள போர்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளியை நம்பி அந்த மின்சாரத்தை விடக்கூடாது.