பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்: வீட்டில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். வளைவில் திரும்பினால் காரின் பின்பகுதி லேசாகத் தள்ளாடுகிறது. உடனே புஷ் செட்டை (சக்கரத்தைப் பிடித்திருக்கும் 'ஆர்ம்' என்ற உலோகக் கை காரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைகள்; ரப்பருக்கு உள்ளே நடுக்குழாய், வெளியே வெளிக்குழாய்) வாங்கிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் தளர்ந்தாலும், வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம் வரும். ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு கம்பியை விட்டு நெம்பிப் பாருங்கள். ரப்பர் வாய் பிளக்கிறதா, நடுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு வாங்கினால் போதும். வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு ஹேண்ட் பிரேக்கை நம்பக்கூடாது. பெரும்பாலான கார்களில் அது பிடிப்பது பின் சக்கரங்களை; அவையோ அந்தரத்தில் இருக்கின்றன. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், காரை ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் ஆர்ம் என்றால், அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுக்காமல் போல்ட்டை உருவவே கூடாது. ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும். ஆர்ம் கீழே இறங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய புஷ் வரவில்லை என்று ரப்பரைத் தீவைத்து எரிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் புகை நச்சு. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் வேறு. ரப்பரைத் துளைபோட்டு வெளியே எடுத்து, வெளிக்குழாயை மட்டும் ஆக்சா பிளேடால் அறுத்தால் அது தளர்ந்து வந்துவிடும். பிளேடு ஆர்மைக் கீறாமல் நிறுத்துவதில்தான் பொறுமை வேண்டும். அதற்கு முன், பழைய புஷ் எந்தத் திசையில் இருந்தது என்று ஆர்மில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சில புஷ்களின் ரப்பரில் பிறை வடிவ இடைவெளிகள் இருக்கும். அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை வைத்துத்தான் ஆர்ம் எந்தத் திசையில் நெகிழ வேண்டும் என்பது அமைகிறது.

புதியதை ஏற்றும்போது சுத்தியலால் அடித்தால் குழாய் நசுங்கும். நீளமான போல்ட்டும் சரியான அளவு சாக்கெட்டுகளும் இருந்தால் இழுத்தே ஏற்றிவிடலாம். ஆனால் அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும்; நடுக்குழாயில் விழுந்தால் ரப்பரின் ஒட்டு உள்ளேயே விட்டுப்போகும். வழுக்குவதற்கு சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள், ரப்பர் ஊதி மிருதுவாகிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

சரி, இனிதான் முக்கியமானது. ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. நடுக்குழாயை போல்ட் பிடித்துக்கொள்கிறது, வெளிக்குழாயை ஆர்ம் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது இடையிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. கார் தூக்கியிருக்கும்போது ஆர்ம் தொங்கும். அப்படியே போல்ட்டை முழுசாக இறுக்கினால் அந்தத் தொங்கல்தான் ரப்பருக்கு ஓய்வுநிலை. காரைக் கீழே இறக்கியதும், சும்மா நிற்கும்போதுகூட அது முறுக்கிக்கொண்டே இருக்கும். முதல் முறை நான் அப்படித்தான் இறுக்கினேன். சில மாதத்தில் அதே சத்தம் திரும்பி வந்தது. கழற்றினால், நடுக்குழாயை ஒட்டிய இடத்தில் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு போலக் கருகருவென்று இருந்தது. புஷ்ஷில் குறை இல்லை, இறுக்கிய நிலைதான் தப்பு.

அதனால் காரைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி வையுங்கள். ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அந்த அளவு வரும்வரை ஏற்றுங்கள். அப்புறம் கம்பெனி மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பாலியூரித்தேன் புஷ்களில் பெரும்பாலும் நடுக்குழாய் தனியாகச் சுழலும் என்பதால் இந்த முறுக்குப் பிரச்சினை இல்லை. அவற்றுக்கு, கூடவே வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவாவிட்டால் கிறீச்சிடும்.

அலைன்மென்ட்டை மாற்றும் கேம் போல்ட் இருந்தால், கழற்றுவதற்கு முன் அதன் நிலையைக் குறித்துவையுங்கள். குறித்திருந்தாலும் வேலை முடிந்ததும் நேராக வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். பின் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கொஞ்சம் வெளிப்பக்கமாக விலகினாலே டயரின் உள்விளிம்பு தேயத் தொடங்கிவிடும், குனிந்து பார்த்தால் ஒழிய அது கண்ணில் படாது.