பாட வருமா என்று கேட்பவர்களுக்கு

குரல் இனிமையாக இருந்தால்தான் பாட்டு என்றால் கர்நாடக சங்கீத வித்வான் செம்மங்குடி சீனிவாசய்யர் மேடையே ஏறியிருக்க முடியாது. கரகரத்த குரல். அதை வைத்துக்கொண்டுதான் 1947-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். எம்.டி. ராமநாதன் அடிக்குரலில் நிதானமாக ஆலாபனை செய்வார். எஸ்.ஜி. கிட்டப்பாவோ நாம் அண்ணாந்து பார்க்கும் சுருதியில் பாடியவர். அதனால் வகுப்பில் சேர வருகிறவர்கள் "டீச்சர், எனக்குக் குரலே கிடையாது" என்று ஆரம்பித்தால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சுருதியில் நிற்கிறாரா, தாளத்தைக் கைவிடாமல் இருக்கிறாரா, விலகினால் பிறர் சொல்லாமல் அவருக்கே தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். கடைசியாகச் சொன்னது வந்துவிட்டால் முதல் இரண்டும் தானே வழிக்கு வரும்.

முதலில் காதைச் சோதியுங்கள். தெரிந்த பாட்டு ஒன்றை வார்த்தை இல்லாமல் முனகும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். எந்தப் பாட்டு என்று பிடித்துவிட்டால் காதில் கோளாறு இல்லை. சுரமே பிரித்தறியாத காது சிலருக்கு உண்டு, ஆனால் அது அபூர்வம்.

அடுத்தது கட்டை, அதாவது உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதி அளவு. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு, பெண்களுக்கு நாலரை முதல் ஐந்தரை. கீழ்ப் பஞ்சமம் ('ப') வெறும் காற்றாகிவிடாமல் கேட்க வேண்டும்; மேல் ஸ்தாயி காந்தாரம் ('க') கழுத்து நரம்பு புடைக்காமல் வர வேண்டும். இரண்டும் கிடைக்கிற இடம்தான் உங்கள் கட்டை. "எனக்கு மேலே போகாது" என்று வருத்தப்படுகிற பலர், கரோக்கியில் அடுத்தவர் சுருதியில் பாடிப் பார்த்தவர்கள். சினிமாப் பாட்டையும் உங்கள் கட்டைக்கு மாற்றிப் பாடலாம், தப்பே இல்லை.

இனி சட்ஜம், அதாவது முதல் சுரமான 'ச'. இங்கே அவசரம் கூடாது. சுருதிப் பெட்டியோ போனில் தம்பூரா ஆப்போ, ஏதாவது ஒன்றை மெதுவாக வையுங்கள். உங்கள் குரல் அதை அமுக்கிவிடக் கூடாது. வாயை நன்றாகத் திறந்து, தோளைத் தூக்காமல் மூச்சிழுத்து, 'ஆ' என்று ஒரே அளவில் பிடியுங்கள். 'ஹா' என்று காற்றோடு தொடங்க வேண்டாம். ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டால் உங்கள் குரல் உள்ளே தெளிவாகக் கேட்கும். சுருதிக்குப் பக்கத்தில் வந்தும் சேராமல் இருந்தால் ஒலியில் ஓர் அதிர்வு கேட்கும், உவ்... உவ்... என்று அலையடிக்கிற மாதிரி. குரலை மயிரிழை ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். அலை வேகமானால் விலகிப் போகிறீர்கள், மெதுவானால் நெருங்குகிறீர்கள். அலை நின்று, பெட்டியின் சத்தம் காணாமல் போன மாதிரி இருக்கிறதே, அதுதான் சேர்ந்த இடம். அந்த இடத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் விலகல் உறுத்தத் தொடங்கும். பஞ்சமத்தையும் மேல் சட்ஜத்தையும் இதே மாதிரி பிடியுங்கள்.

அப்புறம்தான் முதல் பாடமான சரளி வரிசை. மாயாமாளவகௌளை ராகத்தில் இதை ஆரம்பிக்கும் வழக்கத்தைப் புரந்தரதாசர் ஏற்படுத்தினார் என்பார்கள். இந்த ராகத்தில் ரிஷபம் ('ரி') சட்ஜத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கும், அங்கிருந்து காந்தாரத்துக்கு ஒரு தாவல். பஞ்சமத்துக்கு மேலே தைவதமும் ('த') நிஷாதமும் ('நி') அதே கணக்குதான். கீழே கற்றது மேலே உதவும். புதிதாகப் பாடுகிறவர்களின் ரிஷபம் காந்தாரத்தைப் பார்த்து நழுவி ஏறும். அங்கே நிறுத்தி, ச-ரி-ச, ச-ரி-ச என்று அலுக்கும்வரை பாடுங்கள்.

தாளத்தைக் கையில் போடுங்கள், மனத்தில் போடுவதெல்லாம் ஏமாற்று வேலை. ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டு விரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டு-வீச்சு இரண்டு தடவை. ஆக 8 எண்ணிக்கை, இது ஓர் ஆவர்த்தனம். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஆரோகணம் (ஏறுவது) ஓர் ஆவர்த்தனம், அவரோகணம் (இறங்குவது) ஓர் ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் இரண்டும் ஒரே ஆவர்த்தனத்துக்குள் முடியும். மூன்றாம் காலத்தில் அதற்குள்ளேயே இரண்டு தடவை. இதில் பலருக்குக் கை வாயின் பின்னால் ஓடும். வாய் தடுமாறினாலும் கை நிற்கக் கூடாது.

பாடியதைப் போனில் பதிந்து கேளுங்கள். "இது என் குரலா?" என்று தோன்றும். பாடும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால் அப்படி. அதை விட்டுவிட்டுச் சுருதியை மட்டும் கவனியுங்கள்.

நான் வைக்கிற பரீட்சை இது. சரளியில் இரண்டு வரிசை பாடியதும் பெட்டியை அணைத்துவிட்டு மேலும் இரண்டு பாடுங்கள். கடைசிச் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டே பெட்டியைப் போடுங்கள். பெரும்பாலும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். எவ்வளவு இறங்கியது என்று உடனே சொல்ல முடிகிறதா? முடிந்தால் அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போகலாம். இல்லையென்றால் சரளியே இன்னும் ஒரு மாசம். வீட்டில் யாராவது "எப்போதான் பாட்டு வரும்?" என்று கேட்டால், கதவைச் சாத்திக்கொண்டு பாடுங்கள்.