கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் பாதரசத்திலிருந்து குடும்பத்தைக் காப்பது எப்படி

முதலில், மீன் சாப்பிடுவதை நிறுத்திவிடாதீர்கள். எந்த மீன், யாருக்கு என்று பார்த்து வாங்கினால் போதும்.

உலகில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மற்ற எதையும்விட அதிகப் பங்கு, தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் போடும் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. நம்ம பக்கம் தங்கம் இல்லை, பழுப்பு நிலக்கரி இருக்கிறது. எந்த நிலக்கரியிலும் துளியளவு பாதரசம் உண்டு, எரித்தால் அது ஆவியாகிப் புகையோடு போய் மண்ணிலும் ஏரியிலும் கடலிலும் இறங்குகிறது. அப்புறம் காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும், அதுதான் ஆபத்தானது. பாசியிலிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் 1956-ல் தெரியவந்த மினமாட்டா நோய் இப்படி மீன் வழியாக வந்ததுதான், அங்கே காரணம் ரசாயன ஆலைக் கழிவு.

அதனால் முதுநகர் துறைமுகத்தில் வாங்கினாலும் சரி, புதுச்சேரி குபேர் அங்காடியில் வாங்கினாலும் சரி, நெத்திலி, மத்தி, கவலை, காரப்பொடி, இறால் இவற்றை அடிக்கடி எடுங்கள். பெரிய வஞ்சிரம், சூரை எப்போதாவது போதும். சுறா, மயில்கோலா இரண்டையும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவே வேண்டாம். இங்கேதான் வீட்டில் சண்டை வரும், ஏனென்றால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால்சுறாப் புட்டு செய்துகொடுப்பது நம் வழக்கம். பால்சுறா சின்னதுதான், பெரிய சுறா அளவுக்கு அதில் சேராது, ஆனாலும் அதுவும் மற்ற மீனைத் தின்கிற மீன். பாதரசம் முதலில் தாக்குவது வளர்கிற மூளையை, அதனால் அந்த சில மாதங்களுக்கு மட்டும் அம்மாவிடமும் மாமியாரிடமும் பொறுமையாகப் பேசி நெத்திலிக்கு மாற்றுங்கள். தோலை உரித்தாலோ மஞ்சள் போட்டுக் கழுவினாலோ நன்றாக வேகவைத்தாலோ இது போகாது, தசையோடு ஒட்டியிருக்கும்.

அடுத்தது கிணற்றுத் தண்ணீர். டிடிஎஸ் மீட்டரில் பாதரசம் தெரியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் 'மொத்தப் பாதரசம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பாட்டிலையும் அவர்களிடமே வாங்குங்கள். வீட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தால் பாதரசம் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அல்லது ஆவியாகித் தப்பிவிடும், அறிக்கை பொய்யாக நல்லதாக வரும். கண்ணாடி பாட்டில், உள்ளே அமிலம், அதுதான் முறை. குடிநீருக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். 'கண்டறியப்படவில்லை' என்று போட்டிருந்தால் நிம்மதியாகிவிடாமல், அவர்கள் கருவி எந்த அளவுவரை கண்டுபிடிக்கும் என்று கேளுங்கள், அது 0.005 என்றால் அந்த அறிக்கையால் பயனே இல்லை.

வரம்பைத் தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள், காய்ச்சிக் குடிப்பது தீர்வல்ல. ஆர்ஓ பெரும்பகுதியை நீக்கும், ஆனால் வடிகட்டிய தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அறிக்கையின் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், கிணறு இருக்கும் இடம், தண்ணீர் பிடித்த தேதி இரண்டையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வராதீர்கள். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து நாலைந்து கிணற்று அறிக்கைகளோடு போனால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.