வறட்சி, உப்பு தாங்கும் செடியை மரபணு மாற்றி உருவாக்குவது எப்படி?

முதலில் எந்த அழுத்தம் (செடியை வாட்டும் வறட்சி, உப்பு, குளிர் போன்ற நிலை), செடியின் எந்தப் பருவத்தில் என்று முடிவு செய்யுங்கள். நாற்றாக இருக்கும்போது தண்ணீர் இல்லாமல் போவதும் பூக்கும் நேரத்தில் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. உப்புக்கு என்றால் சோடியத்தை செல்லில் இருக்கும் வாக்குவோல் என்ற சேமிப்புப் பைக்குள் தள்ளிவிடும் என்எச்எக்ஸ்1 மரபணு, வறட்சிக்கும் குளிருக்கும் என்றால் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடும் டிரெப்1ஏ, இப்படித் தேட ஆரம்பிக்கலாம்.

அடுத்தது புரோமோட்டர், அதாவது மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதி. பலர் இதில் அவசரப்பட்டு, கைக்கு எளிதில் கிடைக்கும் 35எஸ்-ஐப் போட்டுவிடுகிறார்கள், அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் சிறுசெடியில் டிரெப்1ஏ-வை 35எஸ்-உடன் சேர்த்தபோது செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குட்டையாகிவிட்டது. அதே மரபணுவை அழுத்தம் வந்தால் மட்டும் விழிக்கும் ஆர்டி29ஏ புரோமோட்டரோடு இணைத்தபோது தாங்குதிறனும் கிடைத்தது, வளர்ச்சியும் பெரிதாகப் பாதிக்கவில்லை. 1999-இல் வெளியான இந்த முடிவைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

மரபணுவை உள்ளே செலுத்த, செடிக்குள் டிஎன்ஏ-வை ஏற்றும் மண் பாக்டீரியமான அக்ரோபாக்டீரியம் போதும். அராபிடாப்சிஸ் என்றால் 5% சுக்ரோஸும், கரைசல் நன்றாகப் பரவ உதவும் சில்வெட் ஒரு துளியும் கலந்த பாக்டீரியக் கரைசலில் பூமொட்டுகளை முக்கி எடுத்தாலே சில விதைகளில் மரபணு ஏறிவிடும். நெல்லுக்கு திசு வளர்ப்பு வேண்டும், பொறுமையும் வேண்டும். மரபணு எங்கே போய் உட்காரும் என்று நம்மால் சொல்ல முடியாது, அதனால் தனித்தனியாக உருவான பல வரிசைகளை (ஒவ்வொன்றும் மரபணு ஏறிய ஒரு செடியின் சந்ததி) வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தலைமுறையில் தேர்வு மருந்தை (மரபணு ஏறாத நாற்றைக் கொல்லும் மருந்து) தாங்கும் நாற்றும் சாகும் நாற்றும் 3:1 விகிதத்தில் வருகிறதா பாருங்கள், வந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் செருகியிருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் எல்லா நாற்றும் தேர்வு மருந்தைத் தாங்கும் வரிசையை எடுங்கள்.

சரி, இப்போது சோதனை. தண்ணீரை நிறுத்திவிட்டு எது பிழைக்கிறது என்று பார்ப்பது மட்டும் போதவே போதாது. சின்னச் செடி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும், அதன் தொட்டி மண் மெதுவாகக் காயும், நாமோ அது வறட்சியைத் தாங்குகிறது என்று நினைத்துக்கொள்வோம்! தினமும் தொட்டியை எடைபோட்டு எல்லாத் தொட்டியிலும் மண் ஈரத்தை ஒரே அளவில் வையுங்கள். ஒப்பிட, அதே குடும்பத்தில் மரபணு வராமல் பிறந்த உடன்பிறப்புச் செடிகளையே எடுங்கள். நல்ல தண்ணீரிலும் ஒரு தொகுதி வளர்த்து, இரண்டிலும் விளைச்சலை அளக்க வேண்டும்.

வயலுக்குக் கொண்டுபோகும் முன் உங்கள் நாட்டின் உயிரிப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு நாளாகும், ஆய்வகத்தில் வேலை நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.