பழைய ஜீப் பிக்கப்பின் ஜாக்கியும் டூல் கிட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பழைய வில்லிஸ், மகிந்திரா ஜீப், பிக்கப் வண்டிகளைத் தேடிப்பிடித்துச் சீர்செய்கிறவர்கள், வண்டி ஓடத் தொடங்கியதும் கம்பெனி கொடுத்த ஜாக்கியையும் ஸ்பேனர் செட்டையும் தேடுவார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஜாக்கியை மலைச்சாலையில் போடும்போது செய்யும் ஒரு தவறு ஆளையே கொன்றுவிடும்.

நாலு சக்கரத்துக்கும் விசை போகும் இந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு சின்ன பிரேக் டிரம் இருக்கும். அது பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியதும், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருள, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி விட்டுவிடும். குன்னூர் இறக்கத்தில் இது நடந்தால், ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கியைச் சாய்த்துவிட்டு நகரும். கியரில் நிறுத்தினாலும் இதே கதைதான். ஃபோர் வீல் லிவரைப் போட்டால் முன் ஷாஃப்டும் பிடிபடும். முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப் இருந்தால் அதையும் பூட்டியிருக்க வேண்டும். அப்புறம், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இறக்கப் பக்கம் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது. மழையில் ஊறிய ஓர மண் என்றால் ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகையும் வேண்டும். உங்கள் வண்டியில் அந்த டிரம் எங்கே இருக்கிறது என்று இன்றே குனிந்து பார்த்துவிடுங்கள்.

இடப்பக்கச் சக்கர நட்டுகளையும் கவனியுங்கள். பழைய வில்லிஸில் அந்தப் பக்கம் மரை தலைகீழ். கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் ஸ்பேனரில் பைப் மாட்டி அழுத்தினால், நட்டு ஏறும் ஸ்டட் முறிந்துவிடும்.

ஒரிஜினல் ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டும்தான். அடியில் படுத்து வேலை செய்ய, வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்டு வையுங்கள். ஸ்க்ரூ ஜாக்கி என்றால் மரையில் பெயிண்ட் அடிக்கவே கூடாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிது தடவினால் போதும். ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெய் குறைந்தால் பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள், சீல் உப்பிக் கெட்டுவிடும்.

ஸ்பேனர்களை கிரைண்டரில் தேய்த்து குரோம் பூசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. அதில் பொறித்த எழுத்து மழுங்கிப்போனால், எந்த வண்டியோடு வந்தது என்று காட்ட வேறு சாட்சி கிடையாது. வயர் பிரஷ் போட்டு, மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். ஈரச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் போட்டால் ஊட்டி மழைக்காலம் முடிவதற்குள் துரு ஏறிவிடும்.

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் செட் தேடினால் அளவைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க ஜீப்புக்கு இஞ்ச் ஸ்பேனர். அரை இஞ்ச் நட்டின் அகலம் 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டு பலமாகத் திருகினால் முனை உருண்டுபோகும். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுமுறை ஸ்பேனரில் இருக்கும் எண் போல்ட்டின் தடிமன், நட்டின் அகலம் அல்ல. அதிலும் அரை இஞ்ச் என்று எழுதியிருக்கும்; ஜீப் நட்டுக்கு மாட்டிப் பார்த்தால் தொளதொளவென்று நிற்கும்.